எழுதியவர் பெயர் எங்கே?

இரவு பத்து மணி இருக்கும். திருவள்ளூர் மாவட்டத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு காலனி. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முதியவரின் உடல். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு பக்கம் ஒலிபெருக்கியும் டோலக்கும் புல்புல்தாராவும் தயாராகிக்கொண்டிருந்தன. கானா கோஷ்டி வந்துவிட்டது என்று தெரிந்ததும் பிள்ளைகள் முன்வரிசைக்கு ஓடி வந்தார்கள்.

நாம் கவனித்தது வேறொருவரை. நாற்பது வயதைக் கடந்தவர். மைக்கின் பக்கமே போகவில்லை. இறந்தவரின் மூத்த மகனைத் தனியாக அழைத்து, கையில் இருந்த நாற்பது பக்க நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். எத்தனை பிள்ளைகள், மருமகன்கள் பெயர் என்ன, பெரியவர் எந்த வேலைக்குப் போனார், யாரைச் செல்லமாக என்ன சொல்லிக் கூப்பிடுவார், கடைசியாக ஆசைப்பட்டுச் சாப்பிட்டது எது என்று கேட்டுக்கொண்டே போனார். மகன் பதில் சொல்லச் சொல்ல அழுதார். இவர் எழுதினார்.

அரை மணி நேரம் கழித்து, முதியவர் அந்தக் காலனிக்குக் குடிவந்த நாள் முதல் கடைசி நாள் வரை பாட்டாக வந்தது. பேரப்பிள்ளைகள் பெயர் வந்தபோது பெண்கள் எழுந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பாடியவருக்குச் சட்டையில் பணம் குத்தினார்கள். எழுதியவர் பந்தலின் ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பகலில் அவர் பெயின்டர். பாட்டு எழுதுவது இருபது ஆண்டுப் பழக்கம். வீட்டில் துணிப்பையில் கட்டி வைத்திருக்கும் நோட்டுகளை நமக்குக் காட்டினார். அதில் இருந்த ஒரு பாட்டு, நண்பரின் தாயார் இறந்தபோது எழுதியது. இன்று அது செல்பேசிகளில் ஓடுகிறது. பல லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். வீடியோவின் கீழே பாடல் ஆசிரியர் என்று வேறொருவர் பெயர் இருக்கிறது.

கேட்டீர்களா என்றோம். ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், கையில் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள், அந்தத் தாளின் நகல்கூடத் தன்னிடம் இல்லை என்றார். பிறகு ஒன்று கேட்டுக்கொண்டார். "பேப்பர்ல என் பேரு போடாதீங்கண்ணா. நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க."

தன் பெயர் இல்லை என்பதுதான் அவருடைய குறை. அந்தக் குறையைச் சொல்வதற்கே பெயரை மறைக்க வேண்டியிருக்கிறது. இந்த வாரம் நாம் எழுத வந்தது இதைப் பற்றித்தான்.

ஊழியமும் தொழிலும்

நம் மக்களுக்குப் பாட்டும் இசையும் புதிதல்ல. ஊரில் சாவு விழுந்தால் பறை அடிக்க வேண்டும், துக்கச் செய்தி சொல்ல வேண்டும், குழி வெட்ட வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக நம்மீது சுமத்தப்பட்டது. அதற்குப் பெயர் ஊழியம். கூலி என்று பேச முடியாது. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். மாட்டேன் என்றால் கடையில் சாமான் கிடைக்காது, வயலில் வேலை கிடைக்காது. பறையை இனி ஊருக்காகத் தொட மாட்டோம் என்று முடிவெடுத்து, அதற்காகவே தாக்கப்பட்ட சேரிகள் தமிழ்நாட்டில் உண்டு.

இன்று சட்டம் நம் பக்கம் இருக்கிறது. கட்டாயப்படுத்திக் கூலியில்லா வேலை வாங்குவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். குழி வெட்டவோ பிணத்தைத் தூக்கவோ வைப்பதும், சமூகப் புறக்கணிப்பும் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தெளிவாகக் குற்றங்களாகச் சேர்க்கப்பட்டன.

ஆனால் பறையைக் கீழே வைத்தவர்கள் கலையைக் கீழே வைக்கவில்லை. மேடையில், மாநாட்டில், ஊர்வலத்தில் அதே பறையைத் தலை நிமிர்ந்து அடித்தார்கள். மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதே தோல், அதே குச்சிதான். யாருக்காக அடிப்பது, எப்போது அடிப்பது, என்ன ஊதியத்துக்கு அடிப்பது என்பதை அடிப்பவரே முடிவு செய்ததுதான் மாற்றம்.

பாட்டு எழுதுவதிலும் இதே கேள்விதான் நிற்கிறது. காலனியில் பிறந்த ஒருவர் தன் விருப்பத்தால் எழுதுகிறார். தொகை பேசி, முன்பணம் வாங்கிக்கொண்டு வருகிறார். அந்த வகையில் இது ஊழியம் இல்லை, தொழில். ஆனால் எழுதி முடித்ததும் பெயரும் உரிமையும் அவரை விட்டுப் போய்விட்டால், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போ என்ற பழைய கணக்கில்தான் அது போய் முடிகிறது.

மெட்டுக்குள் வாழ்க்கை

கானா வட சென்னையின் பிள்ளை. ராயபுரம், வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர் என்று துறைமுகத்தையும் ஆலைகளையும் ரயில்வேயையும் நம்பிப் பிழைத்த மக்களிடையே வளர்ந்தது. ரிக்‌ஷா ஓட்டியவரும் மூட்டை தூக்கியவரும் அதைப் பாடினார்கள். தண்டையார்பேட்டைப் பக்கம் வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பாடல்களையும் சித்தர் பாடல்களையும் தங்கள் முன்னோடியாகச் சொல்லும் கானாக்காரர்கள் பலர். மின்சார ரயில் வழியாக அது நம் மாவட்டத்துக்கும் வந்தது. இன்று கும்மிடிப்பூண்டியிலும் அரக்கோணத்திலும் கானா இல்லாத கருமாதி அரிது.

சினிமாவும் இதைத் தேடி வந்தது. 1990களில் தேவாவின் இசையில் கானா மெட்டுகள் தமிழகம் முழுக்க ஒலித்தன. 2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்தின் ஒரே பாட்டால் கானா உலகநாதன் வீடுதோறும் அறிமுகமானார். 2012இல் பா.ரஞ்சித்தின் 'அட்டகத்தி'யில் கானா பாலா தானே எழுதித் தானே பாடினார். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு. அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து பெயர் எடுத்துக்கொண்ட குழு அது. இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் ஆணவக் கொலையையும் பாட்டின் பொருளாக்க முடியும், அதற்குக் கூட்டம் கைதட்டும் என்று அந்த மேடை காட்டியது.

அரக்கோணத்திலிருந்து வந்த அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையைத் தன் எழுத்துக்குள் கொண்டுவந்தார். 2021இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' உலகம் முழுக்கச் சுற்றியது. நிலமற்றவர்களின் கதை நடனமாடும் பாட்டாகும் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நாமே நம்பியிருக்க மாட்டோம்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சினிமாவில் பெரும்பாலும் மெட்டுதான் முதலில் வரும். இசையமைப்பாளர் தத்தகாரத்தில் பாடிக் கொடுப்பார். அந்தத் தத்தகாரத்தின் நீளத்துக்கும் குறிலுக்கும் நெடிலுக்கும் பொருந்தச் சொல் தேட வேண்டும். இயக்குநர் சொன்ன சூழலும் அதற்குள் இருக்க வேண்டும். நடவு வயலில் 'தன்னானே' என்று இழுத்துவிட்டு அடுத்த அடியை யோசிக்கும் நம் ஆயாக்கள் செய்ததும் இதேதான். மெட்டை முதலில் பிடித்துக்கொண்டு சொல்லை அதில் உட்கார வைக்கிறார்கள். மரண கானா எழுதுபவருக்கோ அரை மணி நேரம்தான் கெடு. தவறான பெயர் ஒன்று விழுந்தால் பந்தலிலேயே சண்டை வரும். இதை யாரும் பயிற்சி என்று சொல்வதில்லை. ஆனால் இதைவிடக் கடினமான பயிற்சி பாட்டெழுதுவதில் வேறு உண்டா என்று தெரியவில்லை.

ஒப்பாரிக்கு உரிமையாளர் யார்?

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நம் தெருக்களில் முதல் பாடலாசிரியர்கள் அவர்கள்தான். தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் கட்டியது அவர்கள். அப்பனை இழந்த மகள் ஒரு விதமாகவும், புருஷனை இழந்தவள் வேறு விதமாகவும், பிள்ளையைப் பறிகொடுத்தவள் இன்னொரு விதமாகவும் அடி கட்டுவாள். பழைய அடிகளை எடுத்துக்கொள்வாள், தன் வீட்டுக் கதையைச் சேர்ப்பாள். அந்தப் பாடல்கள் புத்தகங்களாக வந்திருக்கின்றன. பெரும்பாலும் அட்டையில் தொகுத்தவர் பெயர் இருக்கிறது. பாடிக் கொடுத்தவள் ஊர்ப் பெயராக, சில சமயம் சாதிப் பெயராக மட்டும் உள்ளே இருக்கிறாள்.

இன்று அந்த நிலை கொஞ்சம் மாறுகிறது. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவுக்குள் வந்த இசைவாணியை, 2020இல் பி.பி.சி. தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. கவிஞர் உமாதேவி 'மெட்ராஸ்', 'கபாலி', 'காலா' படங்களுக்குப் பாடல் எழுதினார். ஆனால் நம் மாவட்டத்தில் ஒப்பாரி கட்டும் பெண்ணை யாராவது பாடலாசிரியர் என்று அழைத்திருக்கிறார்களா? அவளே தன்னை அப்படி நினைத்திருக்கிறாளா?

பாடுபவரின் நிழலில் எழுதுபவர் மறைவது நம் இயக்க மேடைகளிலும் நடக்கிறது. 'மனுசங்கடா' பாடலை அறியாத தலித் தொண்டர் இருக்க முடியாது. சிவகங்கை மாவட்டம் மாரந்தையில் பிறந்து, 'வடு' என்ற தன் வரலாற்றைத் தந்த கே.ஏ.குணசேகரனின் குரலில்தான் அது சேரிக்குச் சேரி போனது. எழுதியவர் இன்குலாப். கீழ்வெண்மணியின் நெருப்பு அவரது எழுத்தைக் கடைசி வரை விடவில்லை. இருவருமே 2016இல் நம்மைவிட்டுப் போனார்கள். அந்தப் பாட்டைப் பாடும்போதெல்லாம் இரண்டு பெயரையும் சொல்லும் மேடைகள் எத்தனை? நாமே சொல்லாவிட்டால் கம்பெனிக்காரர்களிடம் எப்படிக் கேட்பது?

சட்டம் என்ன சொல்கிறது

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் பாட்டின் வரிகள் இலக்கியப் படைப்பு. மெட்டு இசைப் படைப்பு. ஒலிப்பதிவு மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. எழுதியவர் வாழும் காலம் முழுவதும், இறந்தபின் 60 ஆண்டுகளும் வரிகளின் உரிமை நிலைக்கும். அதாவது நோட்டில் இருக்கும் பாட்டு, பேரப்பிள்ளைக்கும் சொத்து.

ஆனால் இந்தச் சொத்து நீண்ட காலம் எழுதியவரிடம் தங்கவில்லை. சினிமாவுக்காகக் கூலி கொடுத்து எழுத வைத்தால் உரிமை தயாரிப்பாளருக்கே என்ற நிலையை 1977இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உறுதி செய்தது. பாட்டு எத்தனை ஆண்டு ஓடினாலும் முதலில் வாங்கிய தொகையோடு சரி. பாடலாசிரியர்கள் நீண்ட நாள் குரல் கொடுத்த பிறகு, 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. மாநிலங்களவையில் இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காக முன்னின்றார்.

அந்தத் திருத்தத்தின் சாரம் எளிது. திரையரங்கில் படத்தோடு ஓடுவதைத் தவிர, வேறு வழிகளில் பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் எழுதியவருக்குச் சம பங்கு உண்டு. இந்தப் பங்கைக் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்தேன் என்று தாளில் இருந்தாலும் செல்லாது. வாரிசுக்கோ, வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் அதை ஒப்படைக்கலாம். படத்தில் இடம்பெறாத தனிப்பாட்டின் ஒலிப்பதிவுக்கும் இதேபோன்ற பாதுகாப்பு உண்டு. நம் பெயின்டர் நண்பரின் பாட்டுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்றும் இருக்கிறது. உரிமையை விற்றுவிட்டாலும், இது நான் எழுதியது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எழுதியவரை விட்டுப் போகாது. சட்டத்தின் 57ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. பணம் கொடுத்தவர் பாட்டை வாங்கலாம். எழுதியவன் என்ற இடத்தை வாங்க முடியாது.

கையெழுத்துக்கு முன்

பாட்டெழுதும் தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டியவை சில.

நினைவில் மட்டும் பாட்டை வைத்திருக்காதீர்கள். நோட்டில் தேதியோடு எழுதுங்கள். செல்பேசியில் பாடிப் பதிவு செய்து, உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். நாளை தகராறு வந்தால் தேதிதான் முதல் சாட்சி.

பாட்டைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. பதிவு செய்தால் ஆதாரம் வலுக்கும். மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். 2013 விதிகளின்படி ஓர் இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய்.

உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும். எந்தப் பாட்டு, எவ்வளவு காலம், எந்த ஊர் எல்லை, எவ்வளவு ராயல்டி என்பவை அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். படிக்கத் தெரியாத மொழியில் தாள் நீட்டினால் ஒரு நாள் கேளுங்கள். காலனியில் சட்டம் படித்த பிள்ளை ஒருவராவது இருப்பார். கையெழுத்துப் போட்டதும் நகல் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

சினிமா மெட்டில் சொந்த வரி போட்டுப் பாடுவது கானாவில் வழக்கம். பந்தலில் யாரும் கேட்க மாட்டார்கள். இணையத்தில் ஏற்றினால் மெட்டுக்கு உரியவர் கேட்பார். விளம்பரப் பணம் அவருக்குப் போகலாம், வீடியோவே நீக்கப்படலாம். இதே சட்டம்தான் நம் வரியையும் காக்கிறது. அடுத்தவர் மெட்டை மதிக்காமல் நம் வரியை மதிக்கச் சொல்ல முடியாது. சொந்த மெட்டு கட்டுங்கள். இல்லையேல் ஊர்ப் பொதுவில் உள்ள பழைய மெட்டை எடுங்கள்.

பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கம் 1969 முதல் இருக்கிறது. பாட்டு வெளியாகியிருந்தால் உறுப்பினராவது பற்றி விசாரியுங்கள்.

அரசு செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் இயங்குகிறது. ஆடுபவரும் அடிப்பவரும் அதில் பதிகிறார்கள். எழுதுபவர் தன்னைக் கலைஞர் என்று நினைக்காததால் வரிசையில் நிற்பதே இல்லை. மாவட்டக் கலை மன்றம் ஆண்டுதோறும் வயதுக்கேற்பக் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை விருது தருகிறது. நம் மாவட்டப் பட்டியலில் ஒரு கானா எழுத்தாளரின் பெயரையும், ஒப்பாரி கட்டும் ஓர் ஆயாவின் பெயரையும் பார்க்க விரும்புகிறோம். கலை பண்பாட்டுத் துறை காலனிகளுக்கே வந்து பதிவு முகாம் நடத்தட்டும். அங்கே பதிப்புரிமை பற்றி ஒரு மணி நேரம் பேச ஒரு வழக்கறிஞரையும் அழைத்து வரட்டும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை.

இயக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மாநாட்டுக்குப் பாட்டு எழுதியவருக்குச் சால்வையோடு நிறுத்தாதீர்கள். ஊதியம் கொடுங்கள். ஒலித்தகட்டிலும் பதாகையிலும் அவர் பெயரைப் போடுங்கள். தோழமைக்காக எழுதியதுதானே என்று ஓசியில் வாங்கினால், ஊழியம் என்ற சொல் நம் வாயிலும் ஒட்டிக்கொள்ளும்.

கடைசியாக, பந்தல் ஓரத்தில் டீ குடித்தவரிடம் வருகிறோம். அவரிடம் பழைய காலத்துப் புலவர்கள் செய்த ஒன்றைச் சொன்னோம். பாட்டின் கடைசி அடியில் தங்கள் பெயரை வைத்துவிடுவார்கள். அதற்கு முத்திரை என்று பெயர். நந்தன் கதையைக் கீர்த்தனையாகப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதி அப்படிச் செய்தார். மஸ்தான் சாகிபு குணங்குடியைப் பாட்டுக்குள்ளேயே வைத்தார். பதிப்புரிமைச் சட்டம் இல்லாத காலத்தில் அதுதான் அவர்களுக்குச் சட்டம். பெயரை வெட்டினால் சந்தம் உடையும். திருடுபவனுக்கும் அது தெரியும்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கானாவிலும் பாடுகிறவர் தன் பெயரையும் ஏரியாவையும் சொல்வது உண்டு, எழுதுகிறவன் சொல்வதில்லை என்றார். நோட்டைத் திருப்பி ஒரு புதிய பக்கத்தை எடுத்தார். மறுநாள் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு பாட்டு எழுத வேண்டியிருந்தது. நாம் கிளம்பும்போது கடைசி அடியிலிருந்து தொடங்கினார். அந்த அடியில் அவர் பெயர் இருந்தது.

அவர் கேட்டுக்கொண்டபடி அதை இங்கே அச்சிடவில்லை. அவர் பாட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.